கிழக்கே மனை எண் பதினாறு

கிளையின் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். பழைய ஊழியர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமென்று, நான் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் வித்யா தொலைபேசியில் கேட்டாள்.

"ஜாலியா எழுதுங்க மேடம். வடக்குப்பட்டுல உங்கள நாய் தொரத்தி வைக்கோல் போர் மேல ஏறினீங்களே, அத எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். பேச்சுவாக்கில், இப்போது யாரும் மனையைப் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னாள். வெளியில் ஒரு ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் நான்கு போட்டோ எடுத்து அனுப்புவார்களாம். "வெயில்ல அலையற வேலையே இல்ல மேடம். நீங்கதான் பாவம், கஷ்டப்பட்டுட்டீங்க."

நாய்க் கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது வேறு. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. போடாவிட்டாலும் வித்யா ஒருமுறை படித்தால் போதும்.

நான் வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சென்னையில் தட்டச்சராகச் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் மற்றவர்களுடைய பத்திரங்களைத் தட்டச்சு செய்தேன். ஸ்ரீபெரும்புதூரில் கார் தொழிற்சாலை வந்து, அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது அங்கே கிளை திறந்தார்கள். தாம்பரத்திலிருந்து ஒரே பேருந்து என்பதால் நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஆள் பற்றாக்குறையில் என்னை மனை பார்க்கும் வேலைக்குப் போட்டார்கள். கடன் கேட்பவர் வாங்கும் மனையை நேரில் போய்ப் பார்த்து, பத்திரத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதான் என்று அறிக்கை எழுத வேண்டும். கடன் அந்த அறிக்கையின் மேல்தான் நிற்கும்.

எனக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் தணிகாசலம் சார். அரசு வேலையில் ஓவர்சீயராக இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். மண்ணூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்த மாட்டார், திட்ட மாட்டார். மனைக்குப் போனதும் செருப்பை வரப்போரமாகக் கழற்றி வைப்பார். "இன்னும் நம்புளுதும் இல்ல, அவனுதும் இல்ல. செருப்போட எதுக்கு?" என்பார். பிறகு மனையின் நடுவில் என்னை நிறுத்துவார்.

பத்திரத்தில் ஒரு மனைக்கு நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும் பகுதிக்குச் செக்குபந்தி என்று பெயர். அதை நான் உரக்கப் படிக்க வேண்டும். 'வடக்கே' என்று படிக்கும்போது உடம்பை வடக்கே திருப்பிக் கையை நீட்ட வேண்டும். அங்கே எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 'தெற்கே' என்று அடுத்ததைப் படிக்கலாம். நான்கும் முடியும்வரை டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே விட மாட்டார்.

முதல் முறை நான் முணுமுணுவென்று படித்தேன்.

"எனக்குக் கேக்கல."

"சார், பக்கத்துலதானே நிக்கிறீங்க?"

"நான் நிக்கிறேன். அந்தாண்ட மனைக்காரனுக்குக் கேக்கணும் இல்ல?"

"அந்தாண்ட யாருமே இல்லையே சார். வெறும் புல்லுதான் இருக்கு."

"இன்னிக்கு இல்ல. நாளைக்கு வருவான் பாரு."

உரக்கப் படித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வாயில் வெற்றிலையோடு நின்று பார்த்தாள். "இன்னா சாரே, இந்தப் பொண்ணு ரேடியோல நியூஸ் படிக்குதா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, மழை வருமான்னு கேட்டுக்கினு போ" என்றார் சார். எனக்குக் கூச்சத்தில் கழுத்து வியர்த்தது. ஆனால் இருநூறு மனைகளுக்கு மேல் அப்படித்தான் படித்தேன். இரண்டு பத்திரங்களில் கிழக்கும் மேற்கும் மாறி எழுதப்பட்டிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன். சார் பாராட்டவில்லை. அன்றைக்கு டீக்கு அவர் காசு கொடுத்தார், அவ்வளவுதான்.

அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு. "பட்டணத்துல எல்லா வரிசைக்கும் ஒரே பக்கத்துலேர்ந்து நம்பர் போடுவான். இங்க அப்படி இல்லம்மா. இங்க கல்லு நடுறவன் எல்லாம் வெவசாயக்காரன். ஏரு ஓட்டுற மாதிரி நம்பர் போடுவான். இப்படியே போவான், கடைசில திரும்பி வருவான்." முதல் வரிசை மேற்கிலிருந்து கிழக்கே போனால், இரண்டாம் வரிசை கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும். கேட்டுக்கொண்டேன். குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

முருகேசன் எங்களிடம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. சாத்தூர்ப் பக்கத்துப் பையன், கார் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் வேலை. வேலை நிரந்தரமான மறு வாரமே மனைவி செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள் அப்போது ஆறு மாத கர்ப்பிணி. ஸ்ரீபெரும்புதூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுவார். ஊரிலிருந்து முருகேசனின் அம்மா வந்தபோது, "ரெண்டு நாள்தான், அதுக்கு மேல ஆள் சேந்தா வேற எடம் பாத்துக்கோ" என்று வாசலில் வைத்தே சொன்னாராம்.

"அவுக சொன்னது எங்க அத்தை காதுலயே விழுந்துருச்சுக்கா" என்றாள் செல்வி. "மறுநா காலைலயே பையத் தூக்கிட்டாக. பிள்ளை பெறந்தா அவுக வந்து இருக்க ஒரு எடம் வேணும். குச்சுவீடா இருந்தாலும் எங்களுதா இருக்கட்டும்."

மண்ணூரைத் தாண்டி ஒரு வயலை மனைகளாகப் பிரித்திருந்தார்கள். அரைக் கிரவுண்டு மனை, எண் பதினேழு. மற்ற மனைகளைவிடக் கொஞ்சம் குறைவாக விலை சொன்னார்களாம். முருகேசன் அதைத் தன் பேரம் பேசும் திறமை என்று நினைத்திருந்தார். "நான் ஒரே பிடியா நின்னேன்க்கா, எறங்கிட்டாரு" என்று சிரித்தார்.

நான் மனை பார்க்கப் போன நாள் என் மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. கணக்கென்றால் அவளுக்குப் பயம். காலையில் குடித்த பாலை அப்படியே வாந்தியெடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனாள். பரீட்சை முடிகிற நேரத்துக்குத் தாம்பரத்தில் பள்ளி வாசலில் நிற்பதாக அவளிடம் சொல்லியிருந்தேன். சாருக்கு அன்றைக்குத் தலைமை அலுவலகத்தில் வேலை. "நீயே பாத்துடு, இருநூறு பாத்தவ" என்று அனுப்பினார்.

வெயில் ஏறிவிட்டது. முருகேசனும் செல்வியும் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். விற்றவருடைய ஆள் வரவில்லை. தெருக்கள் எதுவும் போடவில்லை, எங்கு பார்த்தாலும் புல்லும் கல்லும்தான். முருகேசனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் இன்னும் பத்துப் பேரோடு அழைத்து வந்து காட்டியிருக்கிறார்கள். "இங்கனதான் எங்கயோ. நீங்க பேப்பர் வச்சிருக்கீகல்ல, நீங்களே சொல்லுங்கக்கா" என்றார்.

முதல் வரிசைக் கற்களில் எண்கள் தெரிந்தன. மேற்கு மூலையில் ஒன்று, கிழக்குக் கோடியில் பன்னிரண்டு. இரண்டாம் வரிசைக் கற்களில் பெயிண்ட் மழையில் போய்விட்டிருந்தது. மறுபடி மேற்கு மூலைக்கு நடந்து வந்தேன். அங்கிருந்து எண்ணினேன். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு. ஐந்தாவது மனையில் நின்றேன்.

"இதுதானாக்கா?"

"இதுதான்."

செக்குபந்தியைப் படிக்கவில்லை. மனைப் பிரிவு வரைபடம் என் பையிலேயே மடித்தபடி இருந்தது, விரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். டேப்பைப் பிடித்து நீள அகலம் மட்டும் அளந்தோம், சரியாக இருந்தது. எல்லா மனையும் ஒரே அளவு, சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? முருகேசன் செங்கல் துண்டுகளைத் தேடி எடுத்து வந்து நான்கு மூலையிலும் வைத்தார். செல்வி பத்திர நகலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு பிடித்தபடி அந்தச் செங்கற்களுக்கு நடுவில் நின்று, "சமையல் இந்தப் பக்கம் வரட்டும்" என்றாள்.

பேருந்தில் உட்கார்ந்து அறிக்கையை நிரப்பினேன். 'செக்குபந்தி நேரில் சரிபார்க்கப்பட்டதா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதினேன். பேருந்து குலுங்கியதில் எழுத்துக் கோணியது. அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.

மகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "கணக்கு ஈஸிம்மா. நீ எதுக்கு ஓடி வந்த?" என்றாள்.

வீடு எட்டு மாதத்தில் எழுந்தது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை. வாசல் நிலை மட்டும் செல்வியின் அப்பா ஊரிலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பிய வேங்கை. மற்ற எல்லாவற்றிலும் கையைச் சுருக்கியவர்கள் அதில் சுருக்கவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு நானும் சாரும் போனோம். செல்வி இடுப்பில் கைக்குழந்தையோடு எனக்கு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். முருகேசனின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார். சார் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். இந்த முறை அது வழக்கமான மரியாதைதான்.

மூன்று ஆண்டுகள் போயின. ஒரகடம் வரை நிலம் விலை ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு சம்பளத்தில் வாங்க முடிந்த மனையை இரண்டு சம்பளத்தில் வாங்க முடியாத நிலை வந்தது. முருகேசன் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது, "நீங்க மட்டும் அன்னிக்கு லோன் போட்டுக் குடுக்கலைன்னா இன்னிக்கு நாங்க கனவு கூடக் காண முடியாதுக்கா" என்றார்.

பிறகு ஒரு நாள் ஜெயபால் வந்தார். மணிமங்கலத்துக்காரர், மஸ்கட்டில் ஓட்டுநர். விடுப்பில் வந்திருந்தார். கையில் பத்திரம், நெற்றியில் வியர்வை.

"இங்க லோன் மேடம் யாரு?"

"நான்தான், உக்காருங்க."

"உக்கார்றது இருக்கட்டும். மூணு வருசத்துக்கு முன்னாடி மண்ணூர்ல ஒரு மனை வாங்கிப் போட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்குக் குடுக்கலாம்னு. வேலி போடலாம்னு ஆளக் கூட்டிகினு போறேன். அங்க எவனோ வூடு கட்டிகினு கீறான் மேடம்! கொடில புள்ளத் துணி காயுது! இன்னாயா இதுன்னு கேட்டா, லோன் மேடம் காமிச்ச எடம்ன்றான். நீங்கதான காமிச்சீங்க?"

அவருடைய பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். மனை எண் இருபது. அந்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏர் திரும்புகிற கணக்கில் மேற்கிலிருந்து ஐந்தாவது மனை இருபதுதான். பதினேழு கிழக்கிலிருந்து ஐந்தாவது.

சாரிடம் போய்ச் சொன்னேன். முருகேசனின் கோப்பை எடுத்துக்கொண்டு, "வாம்மா, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். போய் இறங்கியதும் செருப்பைக் கழற்றி வைத்தார். முருகேசன் ஷிப்டில் இருந்தார். செல்வி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். ஜெயபால் எதிரில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

சார் பதினேழாம் எண் பத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

"படிம்மா."

"சார்…"

"படி."

வீட்டு வாசல்படியில் நின்று படித்தேன். "வடக்கே இருபத்து மூன்று அடி சாலை." திரும்பினேன், சாலை இருந்தது. "தெற்கே வாய்க்கால்." இருந்தது. "கிழக்கே மனை எண் பதினாறு."

"எனக்குக் கேக்கல."

"கிழக்கே மனை எண் பதினாறு."

"பதினாறு எங்கம்மா?"

அன்றைக்கு நான் எண்ணிய எண்ணில் பதினாறு எனக்கு மேற்கே இருந்தது. கை கிழக்கே நீளவில்லை. உள்ளே குழந்தை எதற்கோ அழுதது. செல்வி சன்னலை விட்டு நகரவில்லை. அன்று அந்தப் புல்லில் நின்று இந்த ஒரு வரியை, இந்த ஒரே ஒரு வரியை, வாய்விட்டுப் படித்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். இத்தனைக்கும் அரை நிமிட வேலை.

உண்மையான பதினேழுக்கு நடந்து போனோம். காலியாகக் கிடந்தது. நேர் எதிரே வடக்கிலிருந்து ஒரு தெரு வந்து அந்த மனையின் மார்பில் முட்டியது. அப்போதுதான் விலை குறைவாகச் சொன்ன காரணமும் புரிந்தது. தெருக்குத்து மனை. நான் விரித்துப் பார்க்காத வரைபடத்தில் அதுவும் இருந்தது.

மனையை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று சார் ஜெயபாலிடம் பேசிப் பார்த்தார். பரிவர்த்தனைப் பத்திரத்தின் செலவை நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றும் சொன்னார்.

"சாரே, உங்க வயசுக்கு மரியாதை குடுத்துச் சொல்றேன். தெருக்குத்து மனைய எடுத்துக்கினு நான் இன்னா பண்றது? தங்கச்சிக்குக் குடுக்கிறேன். நாளைக்கு அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மாப்ள வூட்டுக்காரன் என்னிய இன்னா கேப்பான்? உங்க பொண்ணுன்னா குடுப்பீங்களா?"

சார் பத்திரங்களை மடித்துக் கோப்பில் வைத்தார்.

ஜெயபாலைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. வண்டி ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய மனை. "கொயந்த கீது, நாளைக்கே கெளம்புன்னு சொல்ல மாட்டேன். ஆறு மாசம் இருக்கட்டும். இல்லியா, இன்னிக்கு ரேட்டு இன்னாவோ அத குடுத்து இந்த மனையையும் அவரே வாங்கிக்கட்டும், எழுதிக் குடுத்துடறேன்" என்றார். அன்றைய விலை முருகேசன் வாங்கிய விலையைப்போல நான்கு மடங்கு. ஏற்கெனவே கடன் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் காலியாகக் கிடக்கும் இன்னொரு மனையின் பேரில். எங்கள் நிறுவனம் கையை விரித்துவிட்டது. மனை பார்ப்பது நிறுவனத்தின் தேவைக்காகத்தான், தன் மனை எது என்று அறிந்துகொள்வது கடன் வாங்குபவரின் பொறுப்பு என்று விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. முருகேசன் அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கு ஒரு மெமோ வந்தது, ஒரு சம்பள உயர்வு நின்றது. எனக்கு ஆனது அவ்வளவுதான்.

சார் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில், என் அறிக்கையின் செக்குபந்திப் பகுதியைத் தான் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டது தன் தவறு என்று தன் பெயரை முதலில் போட்டிருந்தார். அவர் ஓய்வுபெற அப்போது பத்து மாதம் இருந்தது. அந்தப் பத்து மாதமும் நாங்கள் சேர்ந்து மனைகளுக்குப் போனோம். அதன் பிறகு அவர் என்னைப் 'படி' என்று ஒருநாளும் சொல்லவில்லை. செக்குபந்தியைத் தானே வாங்கி, தானே உரக்கப் படித்தார். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறாவது மாதம் முருகேசன் வீட்டைக் காலி செய்தார். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் என்று, மறுபடி விடுப்பில் வந்திருந்த ஜெயபால் ஏதோ ஒரு தொகை கொடுத்தார். தெருக்குத்து மனையை வந்த விலைக்கு விற்று, இரண்டையும் சேர்த்தும் கடன் அடையவில்லை. மீதி சம்பளத்தில் பிடித்தம். செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வாசல் நிலையைப் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாமா என்று. "எடுத்துக்கமா, நான் புதுசு வச்சிக்கிறேன்" என்றார் ஜெயபால். மேஸ்திரி சுவரை இடித்து அதை வெளியே எடுத்தபோது நான் அங்கே இருந்தேன். மஞ்சளும் குங்குமமும் அதில் அப்படியே இருந்தன. அதை டெம்போவில் படுக்க வைத்து, செல்வி அதன் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தினாள். முருகேசன் என்னைப் பார்த்து வழக்கம்போல "வர்றோம்க்கா" என்றார். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றுவரை அந்தத் திட்டுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று சில நேரம் தோன்றுகிறது.

சார் ஓய்வுபெற்றுப் போன பிறகு எனக்கு அந்த வேலை ஓடவில்லை. மனையின் நடுவில் நின்றால் கிழக்கு எது என்பதே குழம்பியது. ஒரே மனைக்கு மூன்று தரம் போனேன். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்ததும் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு.

இப்போது என் மகளும் மருமகனும் மணிமங்கலம் பக்கத்தில் ஒரு வீடு வாங்கியிருக்கிறார்கள். இருவர் சம்பளத்தையும் காட்டிக் கடன். அடுத்த மாதம் புதுமனை புகுவிழா. பத்திரம் பதிவதற்கு முன்பே நான் நான்கு முறை அங்கே போய்விட்டேன். "அம்மா, கத்தாத, எல்லாரும் பாக்குறாங்க" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நான்கு பக்கமும் படித்து முடித்துத்தான் வந்தேன். சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சரியாகப் படித்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

அழைப்புப் பத்திரிகை அச்சாகி வந்ததும் ஓரங்களில் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனேன். முருகேசன் குடும்பம் இப்போதும் வாடகை வீட்டில்தான் இருக்கிறது. பழைய அறையைவிடக் கொஞ்சம் பெரிது. முருகேசன் ஷிப்டுக்குப் போயிருந்தார். மகன் பள்ளிக்கூடத்தில். செல்வி தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து வந்து, "வாங்கக்கா, எம்புட்டு நாளாச்சு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே, சுவரோடு சுவராக, புடவை சுற்றிய அந்த நிலை நின்றது. கூரை தாழ்வு என்பதால் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"ஊர்லயேதான்க்கா இருக்காக. இங்க வந்தா எங்க படுப்பாக?"

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "செல்வி, அன்னிக்கு நான் படிச்சிருக்கணும்" என்றேன். இத்தனை ஆண்டுகளில் அவளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "நானும் பத்தாவது பாஸுக்கா. பத்திரம் அன்னிக்கு எங்கையிலதான் இருந்துச்சு. நீ படின்னு நீங்க சொல்லல. எனக்கும் படிக்கணும்னு தோணல. மேடம் சொல்லிட்டாகல்லன்னு இருந்துட்டேன்." தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தபடி, "உங்க பாப்பா எப்படி இருக்கா? அவ கல்யாணத்துக்கு நாங்க வந்ததோட சரி. வீடு கீடு எதும் வாங்கிட்டாகளா?" என்று கேட்டாள்.

பை என் மடியில் இருந்தது.

"இல்லம்மா. பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

"பாக்கும்போது பத்திரத்த அவ கையில குடுத்துப் படிக்கச் சொல்லுங்கக்கா."

சரி என்று எழுந்தேன். அவள் வாசல்வரை வந்தாள். பத்திரிகை இன்னும் பையிலேயே இருக்கிறது.